சௌகந்தியின் இரண்டாம் பாகம்

ஒரு கதாபாத்திரம் நம் வீட்டுக்கு வந்து காலிங் பெல் அடித்தால் என்ன செய்வீர்கள்?

எனக்கு நடந்தது. போன மாதம், ஒரு சனிக்கிழமை காலை.

காலிங் பெல் என்றாலே எனக்குப் பயம். கெட்ட செய்தி எல்லாம் இப்போது செல்போனிலேயே வந்துவிடுகிறது, வாசல்வரை நடந்து வருவதில்லை என்று தெரியும். இருந்தாலும் கதவைத் திறப்பதற்குள் பெங்களூரில் இருக்கும் மகன், வந்தவாசியில் இருக்கும் தங்கை, போன வாரம் எடுத்த பிளட் டெஸ்ட் என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று நினைத்துவிடுவேன். அன்றும் நினைத்துக்கொண்டேதான் திறந்தேன்.

வாசலில் ஒரு அம்மாள். ஏறக்குறைய என் வயது... ஐம்பத்தைந்து இருக்கும். கசங்கிய காட்டன் புடவை, தோளில் பை, தூங்காத கண்கள்.

"நீங்கதான வாரா வாரம் எழுதறவங்க?"

"ஆமா..."

"சௌகந்திக்கு ரெண்டாம் பாகம் எழுதப் போறது நீங்கதான?"

"ஆமா... நீங்க?"

"நான்தான் சௌகந்தி."

கதவைப் பிடித்துக்கொண்டேன்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு விஷயம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐம்பது, ஐம்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு வாரப் பத்திரிகையில் வந்த காதல் தொடர்கதை. கதாநாயகி சௌகந்தி, மாமல்லபுரத்தில் சின்ன ஓட்டல் நடத்துகிறவரின் மகள். முரளிதரன், சிற்பங்களைப் போட்டோ எடுக்க வந்த மெட்ராஸ் மாணவன். காதல் வருகிறது. அவனுக்கு லண்டன் படிப்பும் வருகிறது. "மாசி மகத்துக்கு வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். எந்த வருஷத்து மாசி மகம் என்று சொன்னானா? இல்லை. அந்தப் பெண்ணும் கேட்கவில்லை.

கடைசி அத்தியாயத்தில் மாசி மகக் கூட்டம் கலைகிறது. சௌகந்தி மட்டும் கடற்கரையில் நிற்கிறாள். முற்றும்.

தமிழ்நாடே அழுததாம். இன்றைக்கும் மாமல்லபுரத்தில் வயதான வாசகர்கள் வந்து "சௌகந்தி எங்க நின்னா?" என்று கேட்பதுண்டு. கைடுகளும் ஒரு பாறையைக் காட்டுவார்கள். ஆளுக்கு ஒரு பாறை!

இந்தக் கதைக்குத்தான் இரண்டாம் பாகம் எழுதச் சொல்லி என்னைக் கேட்டிருந்தார்கள். நாவலூரில் ஓர் ஆடியோ ஆப் கம்பெனி. எழுத்தாளரின் வாரிசுகளிடம் முறையாக அனுமதி வாங்கியாகிவிட்டது. அங்கே ஹரிணி என்று ஒரு பெண், எனக்கு மகள் இருந்தால் அந்த வயதுதான்.

"பழைய லவ் ஸ்டோரிக்கு எல்லாம் இப்ப சீக்வல் பண்றோம் மேம். ஃபர்ஸ்ட் எபிசோடுலயே முரளிதரன் ஏர்போர்ட்ல இறங்கணும். நரைச்ச தாடி. நேரா பீச். அவ அங்க நிக்கிறா... அதான் ஹூக்!"

தலையாட்டினேன். என் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. அதனால் இங்கிலீஷ் வார்த்தைக்கு அங்கே தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து அர்த்தம் பார்ப்பது வழக்கம். ஹூக் என்றால் கொக்கி. அந்தக் கொக்கியில் நானே மாட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அப்போது தெரியவில்லை.

சந்தோஷத்தில் இதே பத்தியில் உங்களிடமும் பீற்றிக்கொண்டேன். ஞாபகம் இருக்கிறதா? "கவலை வேண்டாம், முரளிதரனை வரவழைக்கப் போகிறேன். சௌகந்தி இத்தனை வருடம் காத்திருந்தது வீண் போகாது" என்று எழுதியிருந்தேன். எத்தனை வாழ்த்துகள் வந்தன! திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒருவர், இனிமேல் நிம்மதியாகக் கண் மூடுவேன் என்றே எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகுதான் இந்த காலிங் பெல்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். கேளம்பாக்கம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு திருவிடந்தையில். நைட் டியூட்டி முடிந்து, வீட்டுக்குப் போகாமல் பஸ் மாறி மாறிச் செங்கல்பட்டுக்கு வந்திருந்தார். என் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன்.

"உங்க வூட்டுக்காரரு பேட்டரி கடை வச்சிருக்காருன்னு நீங்களே எழுதிக்கினே இருக்கீங்களே! மூணாவது கடைல கேட்டேன், சொல்லிட்டாங்க."

அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் கனைத்தார். 'எல்லாத்தையும் எழுதாதேன்னு எத்தினி தபா சொல்லிக்கீறேன்' என்பதற்கான கனைப்பு அது.

காபியை வாங்கிக்கொண்டு சௌகந்தி விஷயத்துக்கு வந்தார்.

"எங்கப்பா பஸ் டிரைவருக்கா. மகாபலிபுரம் வண்டி. தொடர்கதை வர்ற புஸ்தகத்த வாரா வாரம் வாங்கி, ட்ரிப்புக்கு நடுவுல கண்டக்டர படிக்கச் சொல்லிக் கேப்பாராம். நான் பொறந்தப்போ கதை பாதி வந்துகினு இருந்துச்சு. அந்த வாரம்தான் சௌகந்தியும் அவனும் மொதல் தபா பாத்துக்கறாங்க. எங்கப்பாவுக்குத் தலகால் புரியல. பேர வச்சிட்டாரு."

"அப்பறம்?"

"அப்பறம் இன்னா... கதை முடிஞ்சிச்சு. அவள தனியா வுட்டுட்டானுங்க. எங்கம்மா புடிச்சிக்கிச்சு எங்கப்பாவ. 'யோவ், முழுசாப் படிச்சிட்டுப் பேர் வைக்கக் கூடாதாய்யா?'ன்னு. பாவம் மனுஷன், சாகற வரைக்கும் அந்தப் பேச்சு வாங்கினாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பகீரென்றும் இருந்தது. அந்தக் காலத்தில் இப்படித் தொடர் ஓடும்போதே பெயர் வைத்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! நடுவில் பேர் வைத்துவிட்டு, வாரா வாரம் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டே படித்திருப்பார்கள் இல்லையா? எழுதுகிறவர் இதையெல்லாம் யோசித்திருப்பாரா?

"நீங்க கல்யாணம்...?" என்று இழுத்தேன்.

"பண்ணிக்கல. அப்பா போய்ட்டாரு. தம்பி சின்னவன், நர்சிங் வேல கெடச்சிது, அப்டியே வருஷம் ஓடிடுச்சு. எனக்கு ஒண்ணும் கொறையில்லக்கா. ஆனா எங்க தெரு சும்மா இருக்குமா? பேரு சௌகந்தி, கல்யாணம் ஆவல. அப்போ எவனுக்கோ காத்துக்கினு கீறான்னு முடிவு பண்ணிட்டாங்க. ஆளு யாருன்னு தெரியணுமே? எங்க ஆஸ்பத்திரில கம்பவுண்டரா இருந்த ஒருத்தரு துபாய் போனாரு. அவருகிட்ட நான் பேசினதே ஊசி மருந்து கணக்குதான். அவரத் தூக்கி எனக்குப் போட்டுட்டாங்க!"

காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்க இன்னாக்கா ரெண்டாம் பாகம் எழுதறது? எங்க தெரு எனக்கு எப்பவோ எழுதி முடிச்சிடுச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அடுத்து வந்தது சிரிப்பு இல்லை.

தர்மலிங்கம் என்று ஒருவர். கூடுவாஞ்சேரியில் ஜெனரேட்டர், மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். மனைவி இறந்து பல வருடங்கள். ஒரே மகள், கல்யாணமாகி ஓசூரில். ஆஸ்பத்திரி ஜெனரேட்டரைப் பார்க்க வந்தவர், வந்துகொண்டே இருந்திருக்கிறார். நல்லா ஓடற ஜெனரேட்டரைக்கூட வந்து வந்து பார்க்கிறாரே என்று மற்ற நர்சுகள் கிண்டல் செய்யும் அளவுக்கு.

"எங்கள எல்லாரும் சிஸ்டர்னுதான கூப்புடுவாங்க? இவரும் அப்படித்தான் கூப்ட்டுக்கினு இருந்தாரு. ஒருநாள் திடீர்னு 'மேடம்'னாரு. அப்பவே புரிஞ்சிக்கினேன்."

அதற்கப்புறம் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாராம், நாம கல்யாணம் பண்ணிக்கலாமா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார் சௌகந்தி. யோசித்து, சரி என்று சொல்லலாம் என்று முடிவெடுத்த வாரத்தில்தான் என்னுடைய அந்தப் பத்தி வெளிவந்திருக்கிறது.

நர்சுகள் அறையில் ஒரு சின்னப் பெண் அதைச் சத்தமாகப் படித்திருக்கிறாள். "சௌகந்தி சிஸ்டரோட ஆளு திரும்பி வரப் போறாருப்பா! காத்திருந்தது வீண் போகலியாம்!" ஒரே கூச்சல். கதவுக்கு வெளியே தர்மலிங்கம், கையில் ஸ்பானரோடு. துபாய்க் கதையை ஏற்கெனவே டீக்கடையில் யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக்கொண்டார். டூல்ஸ் பையை மூடி, வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்தான். வரவில்லை. போன் செய்தால், "ஒண்ணுமில்ல மேடம், நல்லாருங்க" என்று வைத்துவிடுகிறார்.

நான் பத்தி எழுதுகிறவள். பஸ்ஸில், ரேஷன் கடையில், கல்யாண வீட்டில் பார்த்ததை எழுதுகிறேன். நான் எழுதியதால் ஒருவருடைய கல்யாணம் நிற்கும் என்று கனவிலும் நினைத்ததில்லை. இத்தனைக்கும் நான் நினைக்காத கெட்ட விஷயமே கிடையாது!

"இவ்ளோதானே சிஸ்டர்? முரளிதரன் வர்றதுதான உங்களுக்குக் கஷ்டம்? மாத்திடறேன். அவன் வரமாட்டான்னு எழுதறேன். இந்தக் கதைக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்லைன்னு பத்தியிலயே விளக்கம் போட்டுடறேன்" என்று படபடத்தேன்.

"எப்போ வரும்?"

"இந்த வாரத்துக்கு ஏற்கெனவே குடுத்தாச்சு. அடுத்த வாரமும் அச்சுக்குப் போயிருக்கும். அதுக்கப்புறம் வந்துடும். அவர் படிச்சார்னா..."

"அதுவரைக்கும் நான் இன்னா பண்ணணும்?"

"கொஞ்சம் காத்துக்கிட்டு இரு—"

வாயிலிருந்து வந்தேவிட்டது. அடுத்த அறையில் பேப்பர் சத்தம் நின்றது. சௌகந்தி என்னையே பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

முதலில் சிரித்தது அவர்தான். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தார்.

"பாத்தியாக்கா... நீயுமா?"

பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"நீ எழுதி, அது அச்சாகி, அவரு படிச்சி... நான் ஒருநாளும் எவனுக்கும் காத்துக்கினு இருந்தது இல்ல. இப்போ மட்டும் எதுக்கு? கூடுவாஞ்சேரிக்கு டிரெயின் இன்னா நேரம்?"

"எந்நேரமும் இருக்கும்மா" என்றார் என் வீட்டுக்காரர், வாசலுக்கே வந்து. பிறகு என்னிடம், "நீ இன்னா நின்னுகினு கீற? பத்த வச்சது நீ. கூடப் போய் அணைச்சிட்டு வா!"

போனேன்.

டிரெயினில் எனக்கு ஆயிரம் கவலை. பட்டறை பூட்டியிருந்தால்? ஓசூரிலிருந்து மகள் வந்திருந்தால்? நாலு பேர் நடுவில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? இந்த அம்மாள் என் தோளில் சாய்ந்து அழுதால் நான் என்ன சொல்லித் தேற்றுவேன்? மனசுக்குள் வசனம் எல்லாம் தயார் செய்துகொண்டு திரும்பினால்... சௌகந்தி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். நைட் டியூட்டி பார்த்த உடம்பு. மறைமலைநகரில் கூட்டம் ஏறிய சத்தத்துக்குக்கூட எழுந்திருக்கவில்லை. காதலனைப் பார்க்கப் போகிற கதாநாயகி வாயைத் திறந்துகொண்டு தூங்குவதாக எந்தக் கதையிலாவது படித்திருக்கிறீர்களா? நான் படித்ததில்லை. எழுதியதும் இல்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஒரு சந்து. பட்டறை திறந்திருந்தது. தர்மலிங்கம் மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"மேடம்... நீங்களா? ஆஸ்பத்திரில கரண்ட் போச்சா?"

"கரண்ட்டு கீது. ஆளத்தான் காணோம்."

வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இல்ல மேடம்... உங்களுக்கு வேண்டியவரு வர்றாருன்னு சொன்னாங்க. நடுவுல நான் எதுக்குப் பேஜாரு குடுக்கணும்னு..."

"யாரு சொன்னது?"

"புஸ்தகத்துலயே போட்டுட்டாங்களாமே?"

ஷட்டருக்குப் பின்னால் ஒதுங்க இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். சௌகந்தி என் முழங்கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"போட்டவங்களையே இட்டாந்துக்கீறேன். கேட்டுக்கங்க."

"அது கதை சார்" என்றேன். "கதைல வர்ற சௌகந்தி வேற, இவங்க வேற. முரளிதரன்னு ஒருத்தர் கிடையவே கிடையாது. எனக்கு நல்லாத் தெரியும். அவரை வரவழைக்கப் போறதே நான்தான்... அதாவது, இனிமே வரவழைக்க மாட்டேன்..."

உளறினேன். அவர் பாவம், மரியாதைக்குத் தலையாட்டினார்.

"துபாய்க்காரரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அது எங்க தெரு எழுதின கதை" என்றார் சௌகந்தி.

பக்கத்துக் கடையில் வெல்டிங் சத்தம். அப்புறம் தர்மலிங்கம், கையில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்போ இத்தினி வருஷம்... யாருக்காகவும் காத்துக்கினு இல்லியா மேடம்?"

இந்த இடத்தில் நானாக இருந்தால் என்ன எழுதியிருப்பேன் தெரியுமா? 'உங்களுக்காகத்தான்' என்று எழுதியிருப்பேன். ஹரிணிக்குக் கண் கலங்கியிருக்கும். அந்த மனிதரும் அதைத்தான் கேட்க ஆசைப்பட்ட மாதிரி தெரிந்தது.

"இல்லீங்க" என்றார் சௌகந்தி. "டியூட்டி பாத்துக்கினு இருந்தேன். தம்பியப் படிக்க வச்சேன். வூடு கட்டினேன். நல்லாத்தான் இருந்தேன். அப்பறம் நீங்க வந்தீங்க. நீங்க வந்தது புடிச்சிருந்திச்சு. இப்போ வரல... தேடுது. அதான் வந்தேன்."

தர்மலிங்கம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். சௌகந்தியை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

"நைட் டியூட்டியா? நாஸ்தா பண்ணீங்களா?"

"இல்ல."

"வாங்க, வாங்க... முதல்ல சாப்புடுங்க" என்று ஷட்டரை இழுத்தார். பாதி இழுத்தபின்தான் நான் உள்ளே நிற்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஹரிணிக்குப் போன் செய்தேன். முரளிதரன் வந்து சௌகந்தியைக் கூட்டிப் போகிற கதையை என்னால் எழுத முடியாது என்றேன்.

"மேம்! அவ அம்பது வருஷமா பீச்சுல நிக்கிறாளே, பாவம் இல்லியா?"

"யாரும்மா சொன்னது நிக்கிறான்னு? கதை எழுதினவர் அந்த இடத்துல முற்றும் போட்டார். அவ்வளவுதான். மறுநாள் காலைல அவ எழுந்து வேலைக்குப் போயிருக்க மாட்டாளா?"

அந்தப் பக்கம் ஹரிணி எதையோ டைப் செய்கிற சத்தம் கேட்டது.

"முரளிதரன் வேணும்னா வரட்டும்" என்றேன். "வந்து பீச்சுல நிக்கட்டும். அவளுக்கு டியூட்டி இருக்கு."

"மேனேஜ்மென்ட்ல கேட்டுச் சொல்றேன் மேம்" என்றாள். இன்னும் சொல்லவில்லை. வேறு யாரையாவது வைத்து எழுதிக்கொள்ளட்டும். என்னிடம் உள்ள நூறு கவலைகளில் இது ஒன்று மட்டும் இல்லை.

யோசித்துப் பார்த்தால், இரண்டாம் பாகம் எழுதுகிற நாங்கள் எல்லோரும் செய்கிற தப்பு இதுதான். கதை எந்த இடத்தில் நின்றதோ, அந்த மனிதர்களும் அந்த இடத்திலேயே நிற்பதாக நினைத்துக்கொள்கிறோம். கதையில் மட்டுமா? கூடப் படித்தவர்கள் யாரையாவது நான் இன்றைக்குப் பார்த்தாலும், முதல் கேள்வி "ஐயோ, ஒன்பதாவதோட நின்னுட்டியே!" என்பதுதான். நான் நின்றது பள்ளிக்கூடத்தில். அதற்கப்புறம் நாற்பது வருடம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன். அதை யாராவது கேட்கிறார்களா? தனியாக இருக்கிற பெண்ணைப் பார்த்தால் அவள் காத்திருக்கிறாள் என்கிறோம். இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போக நமக்கு மனசு வருவதில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை திருப்போரூரில் கல்யாணம். முப்பது பேர் இருந்தால் அதிகம். ஓசூர் மகள்தான் ஓடி ஓடி எல்லாம் செய்தாள். அங்கிருந்து நேராகத் திருவிடந்தைப் பெருமாளைப் பார்க்கப் போனோம்.

அந்தக் கோயில் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கல்யாணம் ஆக வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறவர்கள் மாலை போட்டுக்கொண்டு சுற்றி வருவார்கள். அந்த மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனபின் ஜோடியாக வந்து திருப்பிச் சேர்க்க வேண்டும். அன்றும் புதுத் தம்பதிகள் நிறையப் பேர், கையில் காய்ந்த மாலையோடு. சௌகந்தி, தர்மலிங்கம் கையில் மட்டும் ஒன்றும் இல்லை.

வாசலில் பூக்கடை அம்மாள் பிடித்துக்கொண்டார். சௌகந்தியின் அதே தெருக்காரர்.

"ஏன்டி சௌகந்தி! வருஷா வருஷம் சொன்னனே, ஒரே ஒரு மாலை வாங்கிப் போட்டுக்கினு சுத்துடின்னு... கேட்டியா நீ? இப்போ பழைய மாலை இல்லாம வெறுங்கையோட வந்து நிக்கிற?"

"நான் எப்பக்கா வேண்டிக்கினேன், திருப்பிக் குடுக்கறதுக்கு?"

பூக்கடை அம்மாள் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். துபாய்க்காரர் மாதிரி தெரியவில்லை போலிருக்கிறது.

"வேண்டிக்காம பின்ன எப்படிடி நடந்துச்சி?"

"டிரெயின் புடிச்சிப் போயி கேட்டேன்" என்றார் சௌகந்தி.